மெல்லிய நெகிழியில் துளையிடுதல்

மெல்லிய நெகிழியில் துளையிடுதல் என்பது நெகிழித் தாள், தகடு, பெட்டி, குழாய், தொட்டி போன்றவற்றில் விரிசலும் உருகலும் பிசிறும் இல்லாத துளையை எளிய கருவிகளால் இடும் வேலையாகும். வீட்டு வேலைகளில் இது பெரும்பாலும் 6 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. மரத்துக்கும் இரும்புக்கும் பழகிய டிரில் மெஷினே இதற்கும் போதும். ஆனால் அதே டிரில் பிட்டை அதே வேகத்தில் அதே அழுத்தத்துடன் பயன்படுத்தினால் தகடு தூக்கிக்கொண்டு சுழலும், ஓரம் உடையும், அல்லது துளை முக்கோண வடிவாகிவிடும். தகட்டுக்கு அடியில் தாங்கல் கொடுப்பது, சூட்டைக் குறைப்பது, துளையின் ஓரத்தை வழவழப்பாக முடிப்பது ஆகிய மூன்றும் சுத்தமான துளைக்கு அடிப்படை.

சென்னையின் தெற்குப் புறநகரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பகுதிகளில் இந்த வேலைக்குத் தேவை அதிகம். கல்லூரி மாணவர்களின் மின்னணுத் திட்டப் பெட்டிகள், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிகள், மழைநீர் சேகரிப்புக் குழாய்கள், வெளிச்சுவரில் பொருத்தும் மின்பெட்டிகள், மாடித்தோட்டத் தொட்டிகள் ஆகிய எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் துளையிட வேண்டியிருக்கிறது. துளை சரியில்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் உள்ளே போகும். அது மின்பெட்டியானால் உயிருக்கே ஆபத்து.

நெகிழி ஏன் உடைகிறது அல்லது உருகுகிறது

வெப்பம் வெளியேறாமை

துளையிடும்போது உராய்வால் சூடு பிறக்கிறது. இரும்பிலும் அலுமினியத்திலும் அந்தச் சூடு உலோகத்தின் வழியே விரைவாகப் பரவிவிடும். பெரும்பாலான நெகிழிகளின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.2 வாட் மட்டுமே. எஃகுக்கு இது சுமார் 50, அலுமினியத்துக்கு 200க்கு மேல். எனவே நெகிழியில் பிறக்கும் சூடு துளையின் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. பி.வி.சி. சுமார் 80 °செ. வெப்பநிலையிலேயே இளகத் தொடங்குகிறது. அக்ரிலிக், ஏ.பி.எஸ். இரண்டும் சுமார் 105 °செ. அளவிலும், பாலிகார்பனேட் சுமார் 147 °செ. அளவிலும் இளகுகின்றன. மழுங்கிய பிட் அதிவேகமாகச் சுழன்றால் இந்த வெப்பநிலையைச் சில நொடிகளில் எட்டிவிடும். அதன்பின் பிட் வெட்டுவதில்லை, உருக்குகிறது. உருகிய நெகிழி பிட்டின் பள்ளத்தில் ஒட்டி இறுகிச் சூட்டை மேலும் கூட்டுகிறது.

முனையின் வடிவம்

கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரில் பிட்டின் முனைக்கோணம் பெரும்பாலும் 118 பாகை. இத்தகைய பிட்டின் கூம்பு வடிவ முனையின் உயரம், பிட்டின் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. 10 மி.மீ. பிட்டுக்கு இது சுமார் 3 மி.மீ., 6 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1.8 மி.மீ.

தகடு இந்த உயரத்தைவிட மெல்லியதாக இருந்தால் பிட்டின் முழு விட்டமும் தகட்டில் நுழையும் முன்பே நுனி மறுபுறம் வெளியே வந்துவிடும். அந்தக் கணத்தில் பிட்டை நடுவில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது பக்கவாட்டில் ஆடுகிறது, துளை வட்டமாக அமையாமல் மூன்று மூலை கொண்டதாகிறது. 2 மி.மீ. தடிமனுள்ள பெட்டியில் 10 மி.மீ. பிட்டை நேரடியாக விட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

கவ்வி இழுத்தல்

இரும்பு, மரம் ஆகியவற்றுக்கான பிட்டின் வெட்டு விளிம்பு கூர்மையாகவும் முன்னோக்கிச் சாய்ந்தும் இருக்கும். மென்மையான பொருளில் அது திருகாணிபோல் தானே உள்ளே இறங்க முயல்கிறது. பிட் மறுபுறம் வெளியேறும்போது இந்த இழுப்பு உச்சத்தை அடைந்து, தகட்டை மேல்நோக்கித் தூக்குகிறது. அக்ரிலிக், பாலிஸ்டைரீன் போன்ற நொறுங்கும் நெகிழிகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. துளையிடத் தொடங்கும்போது நேரும் உடைவைவிட முடியும்போது நேரும் உடைவே அதிகம்.

பொருளை அறிதல்

எந்த முறையைப் பின்பற்றுவது என்பது நெகிழியின் வகையைப் பொறுத்தது. பல பொருள்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். இந்தக் குறியீட்டு முறை அமெரிக்க நெகிழித் தொழில் சங்கத்தால் 1988-ல் அறிமுகப்படுத்தப்பட்டது. மறுசுழற்சிக்காக உருவானதாயினும் துளையிடுபவருக்கும் இது வழிகாட்டி.

1 (பெட்): தண்ணீர் பாட்டில்கள். சுவர் மிக மெல்லியது. டிரில்லைவிடச் சூடான ஊசியோ கூரிய கத்தியோ ஏற்றது.

2 (அடர்மிகு பாலிஎத்திலீன்), 4 (அடர்குறை பாலிஎத்திலீன்): கேன்கள், வாளிகள், பைகள். மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை. எளிதில் உடையாது, ஆனால் இழையிழையாகப் பிசிறு விடும்.

3 (பி.வி.சி.): தண்ணீர்க் குழாய், மின்குழாய், கேசிங்-கேப்பிங். துளையிட எளிது, பல ஆண்டு வெயிலில் கிடந்த குழாய் நொறுங்கும். சூடான கம்பியால் துளையிடக் கூடாது.

5 (பாலிபுரோப்பிலீன்): சாப்பாட்டுப் பெட்டிகள், மூடிகள். உறுதியானது, பிசிறைக் கத்தியால் சீவலாம்.

6 (பாலிஸ்டைரீன்): கண்ணாடிபோல் தெளிந்த மலிவான பெட்டிகள். எளிதில் விரிசல் விடும். மிகுந்த கவனம் தேவை.

7 (பிற): ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், அக்ரிலிக் முதலியன. ஏ.பி.எஸ். துளையிடுவதற்கு மிக இணக்கமானது. பாலிகார்பனேட் வளையும், எளிதில் உடையாது. அக்ரிலிக் கடினமானது, ஆனால் நொறுங்கும்.

குறி இல்லாத பொருளானால், தேவையற்ற ஓரத்தை வளைத்துப் பார்த்து அறியலாம். வெண்கோடு விழுந்து வளைந்தால் அது உடையா வகை. சட்டென முறிந்தால் நொறுங்கும் வகை. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரில் மிதக்கும். பி.வி.சி., அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகியவை மூழ்கும்.

கருவிகள்

ஸ்டெப் டிரில்

படிப்படியாக விட்டம் கூடிச்செல்லும் கூம்பு வடிவ பிட். 4 முதல் 12, 4 முதல் 20, 4 முதல் 32 மி.மீ. அளவுகளில் கிடைக்கிறது. மெல்லிய தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிட் இல்லை எனலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படி இட்ட துளையின் நடுவிலேயே சுழல்வதால் பிட் ஆடுவதில்லை. ஒரு படியில் மிகச் சிறிதளவே வெட்டப்படுவதால் கவ்வி இழுப்பதும் குறைவு. தேவையான படி முழுவதும் நுழைந்தபின் அடுத்த படியின் விளிம்பை மெல்லத் தொடவிட்டு எடுத்தால் மேற்புறப் பிசிறும் நீங்கிவிடும். தகட்டின் தடிமன் ஒரு படியின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே இதன் ஒரே வரம்பு.

சாதாரண டிரில் பிட்

5 மி.மீ. வரையிலான துளைகளுக்குப் போதுமானது. இதை நெகிழிக்கு ஏற்றதாக்க ஓர் எளிய வழி உண்டு. வெட்டு விளிம்பின் முன்முகத்தை எண்ணெய்க் கல்லில் மூன்று நான்கு முறை தேய்த்து அதன் முன்சாய்வைப் போக்கிவிட வேண்டும். அதன்பின் பிட் பொருளைத் தோண்டி இழுக்காது; சுரண்டி எடுக்கும். இப்படித் தேய்த்த பிட்டை நெகிழிக்கெனத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. இரும்பில் அது சரியாக வெட்டாது.

மரத்துக்கான பிட்

நடுவில் கூர்முனையும் ஓரத்தில் இரு வெட்டுப்பற்களும் கொண்ட பிட், துளையின் சுற்றளவை முதலில் கீறிவிட்டுப் பின்பு நடுப்பகுதியை எடுக்கும். அடியில் மரப்பலகை இருந்தால் அதன் நடுமுனை பலகையில் ஊன்றி நிற்பதால் மெல்லிய தகட்டிலும் வட்டம் பிறழாது.

ஹோல்சா

25 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பிளம்பர்கள் பயன்படுத்துவது இந்த வட்ட வாள்தான். தொடக்கத்தில் டிரில்லைச் சில நொடிகள் எதிர்த்திசையில் சுழலவிட்டால் பற்கள் கவ்வாமல் ஒரு வட்டப்பள்ளத்தை மட்டும் கீறும். பின்பு சரியான திசையில் வெட்டினால் வாள் வழுக்காது. இருபுறமும் கை எட்டும் பொருளானால் பாதி ஆழம் ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் வெட்டுவது விளிம்பு உடையாமல் காக்கும்.

பஞ்ச்

0.5 மி.மீ.க்கும் குறைவான தாள், கோப்பு உறை, பை ஆகியவற்றில் டிரில் உதவாது. தோல் வேலைக்கும் வாஷர் வெட்டவும் பயன்படும் குழல் வடிவப் பஞ்சைக் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் ஒருமுறை அடித்தால் சுத்தமான வட்டம் கிடைக்கும். டிரில்தான் இருக்கிறது என்றால் தாளை இரு ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கிடையே இறுக்கிப் பலகையோடு சேர்த்துத் துளையிடலாம்.

சால்டரிங் அயர்ன்

பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் தொட்டிகளிலும் பைகளிலும் வடிகால் துளை இட வசதியானது. உருகிய நெகிழி துளையைச் சுற்றித் தடித்த வளையமாக இறுகுவதால் பையின் துளை எளிதில் கிழியாது. அளவு துல்லியமாக அமையாது என்பதால் திருகாணி, சுவிட்ச் போன்றவற்றுக்கு இது ஏற்றதல்ல.

சுழல் வேகம்

பிட்டின் விளிம்பு ஒரு நிமிடத்தில் கடக்கும் தொலைவே வெட்டு வேகம். அதை மீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் பிட்டின் மில்லிமீட்டர் விட்டத்தாலும் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கை கிடைக்கும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் எனக் கொண்டால் 3 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 3200 சுற்று, 5 மி.மீ.க்கு 1900, 10 மி.மீ.க்கு 950, 20 மி.மீ.க்கு 480, 25 மி.மீ.க்கு 380 சுற்று என வரும். விட்டம் கூடக்கூட வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே இதன் சாரம். வீட்டு டிரில்லில் சுற்று எண்ணிக்கையைக் காட்டும் அளவி இராது. விசையை மெல்ல அழுத்தி, துருவல் சுருளாகவோ சீவலாகவோ வருகிறதா என்று பார்த்தால் போதும். துருவல் பொடியாகச் சிதறினால் பிட் சுரண்டுகிறது, அழுத்தம் போதவில்லை. ஒட்டும் பிசினாக வந்தால் வேகம் அதிகம். சுவரில் துளையிடும் சுத்தியல் நிலையை நெகிழியில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

செய்முறை

1. துளையின் மையத்தை அளந்து குறிக்க வேண்டும். தகட்டின் ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப்போல் இரு மடங்கு தொலைவாவது இருப்பது நல்லது.

2. குறிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பென்சில் கோடு தெளிவாகத் தெரியும், மேற்பரப்பில் கீறல் விழாது. அக்ரிலிக் தகட்டின் மேலுள்ள காப்புத் தாளை வேலை முடியும்வரை உரிக்கக் கூடாது.

3. மையத்தில் குத்தூசியைக் கையால் திருகிச் சிறு குழி இட வேண்டும். அக்ரிலிக்கிலும் பாலிஸ்டைரீனிலும் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால் அந்த இடமே விரிசலின் தொடக்கமாகிவிடும்.

4. தகட்டுக்கு அடியில் சமமான மரப்பலகையை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்பால் மேசையோடு இறுக்க வேண்டும். பெட்டியானால் உட்புறத்தில் அளவான மரத்துண்டைச் செருகலாம். அடிப்பலகை தகட்டோடு இடைவெளியின்றிப் படிந்திருப்பது முக்கியம்.

5. 2 அல்லது 3 மி.மீ. பிட்டால் வழித்துளை இட வேண்டும்.

6. தேவையான அளவு வரை ஸ்டெப் டிரில்லாலோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டராகக் கூட்டிய பிட்டுகளாலோ துளையைப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு சில நொடிக்கும் பிட்டை வெளியே எடுத்துத் துருவலை நீக்கினால் சூடு தணியும்.

7. மறுபுறம் வெளியேறும் தறுவாயில் அழுத்தத்தை ஏறத்தாழ முழுவதும் குறைத்து, பிட்டின் எடையே வெட்டுமாறு விட வேண்டும்.

8. பிசிறைக் கூரிய கத்தியைச் சாய்த்துச் சுற்றிச் சீவியோ, துளையைவிடப் பெரிய பிட்டை விரலால் பிடித்து இரண்டு சுற்று சுற்றியோ நீக்கலாம். கடைசியாக நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

துளையும் விரிசலும்

துளை என்பது தகட்டின் பலவீனமான இடம். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு சிறு வட்டத்துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது என்று செருமானியப் பொறியியலாளர் எர்ன்ஸ்ட் குஸ்தாவ் கிர்ஷ் 1898-ல் கணக்கிட்டார். நீள்வட்டத் துளைக்கான கணக்கைப் பிரித்தானியரான சார்லஸ் எட்வர்ட் இங்லிஸ் 1913-ல் வெளியிட்டார். இழுவிசைக்குக் குறுக்காக அமைந்த நீள்வட்டத்தின் நீளம் அகலத்தைப்போல் 5 மடங்கானால் அதன் நுனியில் தகைவு 11 மடங்காகும். துளை எவ்வளவு கூராக முடிகிறதோ அவ்வளவு எளிதில் விரிசல் தொடங்கும்.

நெகிழி வேலையில் இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, துளையின் ஓரத்திலுள்ள சிறு உடைவையும் அப்படியே விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கூரிய வெட்டு, திருகாணி இறுக்கப்பட்டதும் விரிசலாக நீளும். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது அழகுக்கு மட்டுமன்று, வலிமைக்கும்தான். இரண்டாவது, சதுர அல்லது செவ்வகத் திறப்பு தேவையானால் முதலில் நான்கு மூலைகளிலும் வட்டத்துளை இட்டு, பிறகு அவற்றை இணைத்து அறுத்து அரத்தால் தேய்க்க வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே விழுந்த விரிசலின் நுனியில் 2 அல்லது 3 மி.மீ. வட்டத்துளை இட்டால் விரிசல் மேலும் ஓடுவது தடைபடும்.

வேதிப்பொருள்களும் விரிசலைத் தூண்டும். தகைவுக்குள்ளான அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் சாராயம், தின்னர், பெட்ரோல் போன்றவை பட்டால் மெல்லிய வலைபோல வெடித்துவிடும். துளையிட்ட இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பதே பாதுகாப்பானது.

நெகிழி வெயிலில் விரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகியவை ஒரு பாகை செல்சியசுக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.07 மி.மீ. விரிகின்றன. வாகன நிறுத்தத்தின் மேல் போடப்படும் 3 மீட்டர் நீளப் பாலிகார்பனேட் கூரைத் தகடு, இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 30 பாகை சூடேறினால் 6 மி.மீ. வரை நீளும். திருகாணிக்குச் சரியான அளவில் இறுக்கமாகத் துளையிட்டால் விரிய இடமின்றித் தகடு துளையிலேயே பிளக்கும். எனவே துளையைத் திருகாணியைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இட்டு, அகன்ற ரப்பர் வாஷரால் மூட வேண்டும்.

காட்டாங்குளத்தூர் பகுதியில் பயன்பாடு

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள காட்டாங்குளத்தூர், தாம்பரம்-செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதையில் பொத்தேரிக்கும் மறைமலைநகருக்கும் இடையே அமைந்துள்ளது. 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டபின் இது கல்வி மையமாக வளர்ந்தது. அடுத்துள்ள மறைமலைநகர் வாகன உதிரிப்பாகத் தொழில்களுக்குப் பெயர்பெற்றது.

தொழிற்சாலைத் துளையும் வீட்டுத் துளையும்

தொழிற்சாலையில் வார்க்கப்படும் நெகிழிப் பாகங்களில் துளைகள் பெரும்பாலும் டிரில்லால் இடப்படுவதில்லை. அச்சினுள் துளை வரவேண்டிய இடத்தில் ஓர் எஃகுக் குச்சி நிற்கும். உருகிய நெகிழி அதைச் சுற்றி ஓடி மறுபக்கம் ஒன்றுசேர்ந்து இறுகும். அப்படி ஒன்றுசேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அது மற்ற இடங்களைவிடச் சற்று வலுக்குறைந்தது. வாங்கிய பெட்டியில் கூடுதல் துளை இடுபவர் அந்தக் கோட்டின்மேல் இடாமல் தவிர்ப்பது நல்லது. லேசர் வெட்டு எந்திரத்தில் அக்ரிலிக் மிகச் சுத்தமாக வெட்டப்படும். பி.வி.சி.யை அதில் வெட்டக் கூடாது. அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிட்டு நுரையீரலையும் எந்திரத்தையும் அரிக்கும்.

வெளிச்சுவர் மின்பெட்டி

சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழையில் நனையும் மோட்டார்ப் பெட்டி, கேட் விளக்கு, கண்காணிப்புக் கேமரா இணைப்பு ஆகியவற்றில் வயர் நுழையும் துளைதான் முதலில் சோதிக்கப்படுகிறது.

கடையில் ஐ.பி. 65 என்று குறித்து விற்கப்படும் பெட்டி தூசி புகாதது, பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குவது என்று பொருள். வீட்டில் ஒரு துளை இட்டவுடன் அந்தத் தகுதி துளையின் தரத்தைச் சார்ந்ததாகிவிடுகிறது. வயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டின் ரப்பர் வளையம், வட்டமான, பிசிறற்ற, சமமான பரப்பின்மேல்தான் தண்ணீரைத் தடுக்கும். முக்கோணத் துளையிலோ உருகித் தடித்த விளிம்பிலோ எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பி.ஜி. 7 கிளாண்டின் மரையின் வெளிவிட்டம் 12.5 மி.மீ., பி.ஜி. 9-க்கு 15.2 மி.மீ., பி.ஜி. 11-க்கு 18.6 மி.மீ., பி.ஜி. 13.5-க்கு 20.4 மி.மீ. துளை இதைவிட மிகச் சிறிதளவே பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டெப் டிரில்லில் அதற்குச் சற்றுக் குறைந்த படிவரை இட்டு, மீதியை அரைவட்ட அரத்தால் தேய்த்துச் சரிசெய்வது வழக்கம். துளையைப் பெட்டியின் மேற்புறத்தில் இடாமல் அடிப்புறத்தில் இட்டு, வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் வயர் வழியே வழியும் நீரும் கீழே சொட்டிவிடும்.

தண்ணீர்த் தொட்டி

மாடித் தொட்டியில் குழாய் இணைப்புக்குத் துளையிடும்போது நேரும் பொதுவான பிழை, குழாயின் பெயரளவையே துளையின் அளவாகக் கொள்வது. அரை அங்குலம் என்பது துளையின் அளவன்று. அரை அங்குல மரையின் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ., முக்கால் அங்குலத்துக்கு 26.4 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 33.2 மி.மீ. வாங்கிய டேங்க் நிப்பிளையே அளந்து அதற்கேற்ற ஹோல்சாவைத் தேர்ந்தெடுப்பது சரியான வழி. தொட்டியின் வளைவான பகுதியைத் தவிர்த்து, சமமாக உள்ள இடத்தில் இட்டால்தான் வாஷர் முழுவதும் படியும். உள்ளே விழும் துருவலை நீக்கித் தொட்டியைக் கழுவிய பின்பே தண்ணீர் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் துருவல் குழாயிலும் பந்து வால்விலும் அடைத்துக்கொள்ளும்.

மழைநீர்க் குழாயும் மாடித்தோட்டமும்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நீர் உறிஞ்சு குழிக்குள் இறக்கப்படும் பி.வி.சி. குழாயில் பக்கத்துளைகள் தேவைப்படுகின்றன. உருண்டையான குழாயில் பிட் வழுக்காமல் இருக்க, இரு மரத்துண்டுகளை வி வடிவில் இணைத்து அதன்மேல் குழாயைக் கிடத்த வேண்டும். துளைகளை ஒரே வட்டத்தில் நெருக்கமாக இடாமல் சுருள்வரிசையில் இட்டால் குழாய் அந்த இடத்தில் முறியாது.

மாடித்தோட்டத் தொட்டியிலும் வளர்ப்புப் பையிலும் அடிப்புறத்தில் மட்டுமன்றி, அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டிலும் துளையிடுவது நல்லது. தரையோடு ஒட்டிய அடித்துளை அடைத்துக்கொண்டாலும் பக்கத்துளை வழியே நீர் வடியும். நீர் தேங்கும் தொட்டி வேரை அழுகச் செய்வதோடு டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கும் இடமாகும்.

மின்னணுத் திட்டப் பெட்டி

மாணவர் திட்டங்களில் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள ஏ.பி.எஸ். பெட்டி பயன்படுகிறது. 5 மி.மீ. எல்.இ.டி.க்கு 5 மி.மீ. துளையும், சிறு டாகிள் சுவிட்சுக்குச் சுமார் 6.5 மி.மீ. துளையும், பொதுவான வால்யூம் கண்ட்ரோலின் கழுத்துக்குச் சுமார் 7 மி.மீ. துளையும் தேவை. திரைக்கான செவ்வகத் திறப்பை மூலைத்துளை முறையில் வெட்டலாம். சர்க்யூட் போர்டின் திருகாணித் துளைகளை ஒத்துப்போகச் செய்ய, போர்டையே பெட்டிமேல் வைத்துக் குறிப்பதைவிடக் காகிதத்தில் அச்சிட்ட வரைபடத்தை ஒட்டிக் குறிப்பது துல்லியமானது. பாகங்களைப் பொருத்தும் முன்பே எல்லாத் துளைகளையும் இட்டு முடித்துவிட வேண்டும். உள்ளே போர்டு இருக்கும்போது துளையிட்டால், மறுபுறம் பாயும் பிட் அதைச் சேதப்படுத்தும்.

பாதுகாப்பு

கண்ணாடி அணியாமல் துளையிடக் கூடாது. அக்ரிலிக் துருவல் கூர்மையானது. துணிக் கையுறை, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை சுழலும் பிட்டில் சிக்கக்கூடியவை. தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடுவதே இவ்வேலையில் விரல் வெட்டுக்கு முக்கியக் காரணம். பிட் கவ்வினால் தகடு கத்திபோல் சுழலும். பிட்டை மாற்றும்போது பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவரில் ஏற்கெனவே பொருத்திய மின்பெட்டியில் துளையிடுவதானால் மெயின் சுவிட்சை அணைத்து, வயர்களை ஒதுக்கிய பின்பே தொடங்க வேண்டும். ஈரமான இடத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து டிரில்லுக்கு மின்சாரம் எடுப்பது உயிர் காக்கும்.

சூடான முறைகளைக் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். துருவலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் சேர்க்க வேண்டும். மாடியில் விட்டுவிட்டால் மழைநீரோடு சேகரிப்புக் குழிக்கும் கால்வாய்க்கும் போய்விடும்.

பிழைகளும் சரிசெய்தலும்

துளை சற்றுப் பெரிதாகிவிட்டால் இருபுறமும் அகன்ற வாஷர் வைத்து மூடலாம். வட்டம் தவறியிருந்தால் ஸ்டெப் டிரில்லில் அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, அதற்கேற்ற கிளாண்டைப் பொருத்தலாம். மின்பெட்டியில் இடம் மாறி இட்ட துளையை டேப்பால் மூடக் கூடாது. வெயிலில் பசை காய்ந்து விழுந்துவிடும். ரப்பர் வளையம் உள்ள மூடித்திருகைப் பயன்படுத்த வேண்டும். உருகித் தடித்த விளிம்பை ஆறியபின் கத்தியால் சீவலாம், சூடாக இருக்கும்போது தொட்டால் இழுபட்டு மோசமாகும். அக்ரிலிக்கில் துளையோரம் விரிசல் விழுந்திருந்தால் அதன் நுனியில் நிறுத்துதுளை இட்டு, அக்ரிலிக்குக்கான ஒட்டும் கரைப்பானை விரிசலில் ஊறவிட்டு ஒட்டலாம். அந்த இடத்தில் மீண்டும் திருகாணி இறுக்குவதைத் தவிர்க்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அதே பொருளின் வேண்டாத துண்டில் ஒரு துளை இட்டுப் பார்த்தால் இப்பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.